எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊஞ்சல்

ஊர் நடுவில் ஒரு விளையாட்டுத் திடல். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே போக ஒரே ஒரு வழி. மாடு நுழையக் கூடாது என்று அந்த வழியை வளைத்து, குறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆள் உடம்பைத் திருப்பி நுழையலாம். மாடு நுழைய முடியாது. சக்கர நாற்காலியும் நுழைய முடியாது.

இது பாடத்துக்காக வைத்துக்கொண்ட ஊர். பெயர் வேண்டாம். இப்படி ஒரு திடல் இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இருக்கும்.

அந்த ஊர்த் தையல்காரருக்கு ஒரு மகள். வயது ஒன்பது. பிறந்தபோதே மூளை முடக்குவாதம். கால்கள் விறைப்பாக இருக்கும். நடக்க முடியாது. பேச்சு மெதுவாக வரும். ஆனால் எல்லாம் புரியும். அரசு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அதில் பள்ளிக்குப் போகிறாள். மாலையில் தம்பியோடு திடலுக்கும் வருவாள். தம்பி உள்ளே ஓடிவிடுவான். அவள் வேலிக்கு வெளியே இருப்பாள். பிள்ளைகள் எல்லோரும் செருப்பைக் கழற்றி அவளிடம் விட்டுப் போவார்கள். அவள் செருப்புக்குக் காவல்.

ஒருநாள் மகளிர் குழுக் கூட்டம் நடந்தது. கடன் கேட்பவர்கள் எல்லாம் கேட்டு முடித்தார்கள். கடைசியில் தையல்காரரின் மனைவி எழுந்தாள்.

"எனக்குக் கடன் வேண்டாம் அக்கா. ஒரு கதவு வேண்டும்" என்றாள்.

குழுத் தலைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் எல்லோரும் தண்ணீருக்குப் போகிறார்கள். தினமும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறார்கள். அவள் ஏன் வெளியே இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

எத்தனை பிள்ளைகள்?

"ஒரு பிள்ளைக்காகத் திடலையே இடித்துக் கட்டுவதா?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஊரில் ஒரே ஒரு பிள்ளைதான் அப்படி என்று நினைத்தார்கள்.

அங்கன்வாடி ஊழியரும் குழுப் பெண்கள் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். இரண்டு நாளில் ஒன்பது பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். பார்வை இல்லாத பையன் ஒருவன். காது கேளாத அக்கா, தங்கை. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் மூன்று பேர். வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளைகள் இரண்டு பேர். இன்னொரு பையன் யாரோடும் பேசமாட்டான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது பேரில் நான்கு பேரை அந்தத் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஊர் என்ன சொல்லுமோ என்று பெற்றவர்களே வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். நிதி திரட்டக் கிளம்பும் எந்த ஊரும் முதலில் இந்தக் கணக்கை எடுப்பது நல்லது. பணத்தைப் பிறகு எண்ணலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள் பதிவானார்கள். வீட்டுக்குள் மறைத்து வைத்த பிள்ளை கணக்கெடுப்பிலும் விடுபட்டுப் போவது உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

விளையாட்டு, பிள்ளைகளின் உரிமை. இதை ஐ.நா. சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. மாற்றுத் திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் ஏற்றது. மற்றப் பிள்ளைகளைப் போலவே மாற்றுத் திறன் கொண்ட பிள்ளைகளும் விளையாட வழி வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

நம் நாட்டில் ஊனமுற்றோருக்கான முதல் பெரிய சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. அதில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. அதற்குப் பதிலாக 2016-இல் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. இதில் 21 வகைகள் உள்ளன. ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் இந்தப் பட்டியலில் தனித்தனியாக உள்ளன. பொது இடங்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது.

ஆகவே தையல்காரரின் மனைவி கேட்டது தர்மம் அல்ல. இதைக் குழுத் தலைவி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பின்னால் அது மிகவும் பயன்பட்டது.

பெங்களூரில் நடந்தது

பெங்களூரில் மாற்றுத் திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலர் ஒன்று கூடினார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் கிலிகிலி. அவர்கள் புது நிலம் தேடி அலையவில்லை. மாநகராட்சியிடம் போனார்கள். ஏற்கெனவே இருக்கும் பூங்காக்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி மாற்றிக் கேட்டார்கள். கோல்ஸ் பூங்கா அப்படி மாறிய பூங்காக்களில் ஒன்று. மாற்றுத் திறன் கொண்ட பிள்ளைகளுக்கென்று தனி மூலை ஒதுக்குவது அவர்கள் நோக்கம் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில், சேர்ந்து விளையாட வேண்டும் என்றார்கள்.

இதில் பணம் பற்றிய பாடமும் இருக்கிறது. நிலம் பொது நிலம் என்றால் நிலத்துக்குப் பணம் திரட்ட வேண்டாம். இருக்கும் திடலை மாற்றினால் செலவு குறையும்.

திடலில் என்ன மாற வேண்டும்?

குழுப் பெண்கள் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் மட்டும் பேசித் தீர்மானித்திருந்தால் பாதி வேலை தவறாகப் போயிருக்கும்.

முதலில் கதவு. சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். அதாவது மூன்று அடி. மாடு வராமல் இருக்க, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு போட்டார்கள். கயிறு, கப்பி, ஒரு கல், அவ்வளவுதான். தாழ்ப்பாளை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் வைத்தார்கள்.

அடுத்தது சாய்தளம். திடல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம்.

"ஆறடி நீளத்துக்குச் சரிவு போட்டால் போதும் அக்கா" என்றார் கொத்தனார்.

தலைவி விடவில்லை. பலகைகளை அடுக்கி ஆறடிச் சரிவு ஒன்று செய்து பார்க்கச் சொன்னார். நாற்காலியில் ஒரு சிப்பம் அரிசியை வைத்துத் தள்ளினார்கள். பாதியில் நாற்காலி பின்னால் வந்தது. கொத்தனாரே ஓடிப் பிடித்தார். பிள்ளை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி. மேலே போய்ச் சேரும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். அங்குதான் நாற்காலியைத் திருப்ப முடியும். பதினெட்டு அடி கட்டிய பிறகு முதலில் அதில் ஏறியவர், கைத்தடி ஊன்றி வந்த ஒரு பாட்டி.

திடலில் முழுவதும் மணல் கிடந்தது. மணலில் சக்கரம் புதையும். ஆனால் ஊஞ்சலில் இருந்து விழும் பிள்ளைக்கு மணல்தான் மெத்தை. ஆகவே ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே மட்டும் ஓர் அடி ஆழத்துக்கு மணலை விட்டார்கள். மற்ற இடத்தில் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, கெட்டியாக இடித்துப் பாதை போட்டார்கள். பாதை ஒவ்வோர் ஊஞ்சலின் அருகிலும் போய் நிற்கும்.

மூன்று ஊஞ்சல்கள். ஒன்று சாதாரண ஊஞ்சல். ஒன்றுக்கு முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் உண்டு. மூன்றாவது கூடை போன்றது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படுத்துக்கொண்டே ஆடலாம். இதற்குத்தான் பிறகு வரிசை நின்றது.

பார்வை இல்லாத பையன் ஓசை கேட்டான். நீளத்திலும் குட்டையிலுமாக இரும்புக் குழாய்களை வெட்டித் தொங்கவிட்டார்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சத்தம். சத்தம் பிடிக்காத பையனுக்கு அதற்கு நேர் எதிர்க் கோடியில், வேப்ப மரத்தடியில், தாழ்ந்த சுவர் வைத்து ஓர் ஒதுக்கிடம். ஒருவனுக்கு வேண்டியது இன்னொருவனுக்கு வேண்டாதது. இடம் இருந்தால் இரண்டையும் வைக்கலாம்.

மணல் மேடையும் திட்டத்தில் இருந்தது. மேசை உயரத்தில் ஒரு தொட்டி. அடியில் முழங்கால் நுழைய இடம். நாற்காலியில் இருந்தபடியே மணல் வீடு கட்டலாம்.

பழைய டயர் கொடுக்க ஒரு கடைக்காரர் முன்வந்தார். டயரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உள்ளிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயர் ஆகாது. நல்ல டயரிலும் அடியில் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் மழை நீர் தேங்கும். அதில் கொசு முட்டையிடும். டெங்கு வரும். இரும்புச் சறுக்குமரத்தையும் நிழலுக்கு மாற்றினார்கள். சித்திரை வெயிலில் அது தோசைக் கல். காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

பணம் எப்படி வந்தது?

கொத்தனாரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்து மதிப்பீடு எழுதினார்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக மட்டும். விலை ஊருக்கு ஊர் மாறும்.

கதவும் வேலியும் ரூ.18,000
பாதை ரூ.42,000
சாய்தளம் ரூ.15,000
ஊஞ்சல் மூன்று ரூ.36,000
மணல் மேடை ரூ.9,000
ஓசைக் குழாய்கள் ரூ.4,000
பெஞ்சும் ஒதுக்கிடமும் ரூ.6,000
மொத்தம் ரூ.1,30,000

"இதோடு பத்தில் ஒரு பங்கு சேருங்கள்" என்றார் தலைமையாசிரியை. அது பராமரிப்புப் பணம். ரூ.13,000. ஆக ரூ.1,43,000 தேவை.

திடல் ஊராட்சியின் சொத்து. அதில் ஊராட்சியின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. ஆகவே விண்ணப்பம் எழுதினார்கள். கிராம சபையில் தையல்காரரின் மனைவி அதைப் படித்தாள். கற்போர் மையத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் அவள். மூன்று இடத்தில் தடுமாறினாள். யாரும் சிரிக்கவில்லை.

"வருமானம் இல்லாத ஊராட்சியம்மா" என்று இழுத்தார் ஊராட்சித் தலைவர். குழுத் தலைவி தாளை எடுத்து 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னார். "பொது இடத்துக்குப் போகும் வழி ஊராட்சி வேலைதானே அண்ணே" என்றார். பாதையையும் சாய்தளத்தையும் ஊராட்சி ஏற்றது. தீர்மானம் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத வாக்குறுதி அடுத்த கூட்டத்தில் மறந்துபோகும்.

மீதி ரூ.86,000. இதில் ரூ.14,000 மதிப்புக்குப் பொருளும் உழைப்பும் வந்தன. ஒருவர் கல் கொடுத்தார். ஒருவர் டிராக்டர் கொடுத்தார். கொத்தனார் இரண்டு நாள் கூலி வாங்கவில்லை. உழைப்பையும் நன்கொடைப் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதாவிட்டால், பணம் கொடுத்தவர் மட்டுமே கொடுத்தவர் என்று ஆகிவிடும்.

மீதி ரூ.72,000 ரொக்கம் வேண்டும். வீட்டுக்கு நூறு ரூபாய் என்று முடிவு. ஊரில் 240 வீடுகள். இங்கேதான் சிக்கல் வந்தது.

முதல் வாரம் ஓர் இளைஞர் உற்சாகமாக வசூலித்தார். ரசீது கொடுக்கவில்லை. தன் போனுக்கே பணம் அனுப்பச் சொன்னார். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனால் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. "புது சட்டை போட்டிருக்கானே" என்றார் ஒருவர். அவ்வளவுதான். அடுத்த தெருவில் வசூல் நின்றது.

குழு அன்றிரவே கூடியது. இளைஞர் கண் கலங்கிவிட்டார். "தம்பி, உன்மேல் சந்தேகம் இல்லை. ரசீது உனக்கும் காவல்" என்றார் தலைவி. வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினார்கள். மூன்று பேர் பெயர். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. எண் போட்ட ரசீதுப் புத்தகம், அடியில் கார்பன் தாள். வசூலுக்கு எப்போதும் இருவர். போனில் அனுப்புவோருக்கு அந்த வங்கிக் கணக்கின் கியூஆர் அட்டை மட்டும். வரவு செலவு முழுவதும் வாரம் ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில். இளைஞர் ஏற்கெனவே வாங்கிய ரூ.2,300-க்கும் பெயர் பெயராக ரசீது எழுதினார்கள்.

அந்தச் சுவரைப் படிக்கக் கூட்டம் கூடியது. படிக்கத் தெரியாத ஒரு தாத்தா தன் பெயர் எங்கே என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசியில் 200 வீடுகள் கொடுத்தன. ரூ.20,000.

திருவிழாவில் பெண்கள் பலகாரக் கடை போட்டார்கள். செலவு போக ரூ.11,500. நகரங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பியது ரூ.16,500. அதற்காக அச்சடிக்க இருந்த சுவரொட்டியில் தையல்காரர் மகளின் படத்தைப் போட ஒருவர் யோசனை சொன்னார். கீழே 'இந்தப் பாவப்பட்ட பிள்ளைக்கு உதவுங்கள்' என்று எழுதலாம் என்றார். பணம் கூட வந்திருக்கும். தாய் அந்தப் பெண்ணையே கேட்டாள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஊஞ்சல் படம் போதும் என்று முடிவானது. பிள்ளையின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்டால், அந்தப் பிள்ளை அதே ஊரில்தான் வளர வேண்டும்.

அரிசி ஆலை முதலாளி ஒருவர், குறையும் பணம் ரூ.24,000 முழுவதையும் தருவதாகச் சொன்னார். வாசல் வளைவில் தன் தந்தையின் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றார். குழுவில் இரண்டு கருத்து. பணம் வந்தால் போதும் என்றனர் சிலர். நூறு ரூபாய்க்கு ஒருநாள் கூலியைக் கொடுத்தவர் பெயர் எங்கே என்றனர் சிலர். எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் என்று முடிவு செய்தார்கள். முதலாளி கோபித்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வந்து ரூ.15,000 கொடுத்தார்.

பெரிய நிறுவனங்கள் உள்ள ஊர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு ரூ.5 கோடி தொகுதி வளர்ச்சி நிதி உண்டு. அவர் பரிந்துரை செய்வார். மாவட்ட நிர்வாகம் வேலையைச் செய்யும். பணம் குழுவின் கைக்கு வராது.

இன்னும் ரூ.9,000 குறைந்தது. பராமரிப்புப் பணத்தில் எடுக்கலாம் என்றார்கள். "சங்கிலி அறுந்தால் யார் தருவது?" என்று கேட்டார் தலைமையாசிரியை. மணல் மேடையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள்.

திடல் திறந்தது. இப்போது இரண்டு பெண்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு சங்கிலியையும் கொக்கியையும் இழுத்துப் பார்க்கிறார்கள். எண்ணெய் விடுகிறார்கள். தேய்ந்த கொக்கியை அன்றே கழற்றிவிடுகிறார்கள். செருப்புகள் வாசலில் தாமாகவே கிடக்கின்றன. ஒன்றிரண்டு தொலைவதும் உண்டு.

பயிற்சி

1. ஒரு பள்ளியின் வாசல் தரையில் இருந்து இரண்டு அடி உயரம். சாய்தளம் எத்தனை அடி நீளம் வேண்டும்?

2. இந்த ஊரில் ரொக்கமாக வந்த நான்கு தொகைகளையும் எழுதிக் கூட்டுங்கள். ரூ.72,000-இல் கழியுங்கள். மீதி சரியாக வருகிறதா?

3. உங்கள் ஊர்த் திடலின் வாசலை அளந்து எழுதுங்கள்.

4. உங்கள் தெருவில் மாலையில் விளையாட வராத பிள்ளைகள் யார்? அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கதவு, பாதை, ஊஞ்சல் இவற்றில் அவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்று குறித்து வாருங்கள்.

5. உங்கள் ஊராட்சித் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தேதி, ஊர், கோரிக்கை, கையெழுத்து நான்கும் இருக்கட்டும்.